மூடிக்கும் ஸ்கேலுக்கும் நடுவே

தையற்காரர் கை வைத்தால் அந்த வீட்டில் எந்தப் பொருளும் பிழைத்துக்கொள்ளும். அப்படித்தான் அவர் நம்பிக்கொண்டிருந்தார். நடந்தது வேறு. அவர் பழுது பார்த்து வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பியதும், மச்சினன் அதைச் சத்தமில்லாமல் ஸ்கூட்டரில் வைத்து எடுத்துப்போய், தெரிந்தவனிடம் கொடுத்து ஒழுங்காகச் சரிசெய்து கொண்டுவந்து அதே இடத்தில் வைத்துவிடுவான். சாயங்காலம் மனைவி, "நீங்க தொட்டதுமே ஓட ஆரம்பிச்சிடுச்சுங்க" என்பாள். மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துபோகும். கல்யாணமான புதிதில் ஓர் இஸ்திரிப் பெட்டியில் ஆரம்பித்த பொய் அது. அவர் மனசு நோகக்கூடாதே என்று ஆரம்பித்தார்கள், அப்புறம் நிறுத்தத் தெரியவில்லை. இந்த மாதிரி நல்ல மனசுக்காரர்களை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் குவாட் வண்டியை ஸ்கூட்டரில் வைத்து எடுத்துப்போக முடியுமா?

அந்த வண்டி மனைவியின் பிழைப்பு. மலைச்சரிவில் இறங்கிவரும் தண்ணீர்க் குழாய் எங்கே உடைந்திருக்கிறது, எங்கே ஒழுகுகிறது என்று பார்த்து ஆபீசுக்குச் சொல்வது அவள் வேலை. தார் ரோடு பாதியிலேயே நின்றுவிடும். அதற்கு மேல் கல்லும் சேறும்தான். நாலு தடித்த சக்கரமும் மோட்டார் சைக்கிள் ஹேண்டில்பாரும் உள்ள அந்த வண்டிதான் அங்கே ஏறும். அதன் எஞ்சினுக்கு வலது பக்கம் ஒரு மூடி உண்டு. மூடி உட்காரும் இடத்தில் எண்ணெய் வெளியே வராமல் இருக்க, கேஸ்கட் என்று தாள் மாதிரி மெல்லிசாக ஒன்று வைத்திருப்பார்கள். அங்கேதான் கசிவு. தரையில் எண்ணெய் சொட்டியிருப்பதைப் பார்த்துத் தையற்காரர் இரண்டு தடவை மாற்றிவிட்டார். இன்னும் கசிகிறது. மறுநாள் காலை அவள் மேலே போயாக வேண்டும்.

"இந்தத் தடவை நானா அதுவான்னு பாத்துடறேன் மாப்ள" என்று சொல்லி, கொட்டகைத் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்தார். மச்சினன் பக்கத்தில் குந்தி, எண்ணெய் வடியும் தட்டைப் பிடித்துக்கொண்டான்.

"புது கேஸ்கட் ஒண்ணு வாங்கிப் போட்டா போச்சு மாமா. இதுக்குப் போய் ஏன் இவ்ளோ ஆராய்ச்சி?"

"போன தடவை கடை கேஸ்கட்தானே போட்டேன்? அதுவும்தான் கசியுது. அப்ப கோளாறு வேற எங்கியோ இருக்கு."

பேச்சில் ஒன்றும் குறைச்சலில்லை. போல்ட்டுகளைக் கழற்றி, எது எந்த ஓட்டையில் இருந்ததோ அதே வரிசையில் ஓர் அட்டையில் குத்திவைத்தார். ரப்பர் சுத்தியால் இரண்டு தட்டு தட்டியதும் மூடி கையோடு வந்தது. பழைய கேஸ்கட்டை பிளேடால் பூப்போலச் சுரண்டி எடுத்தார். பட்டன் தைக்கிற கை அல்லவா, கீறல் விழவில்லை. போன தடவை உள்பக்கத்தோடு நிறுத்திக்கொண்டவர், இந்தத் தடவை வெளிப்பக்கத்தையும் பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்தார்.

துணியில் கறுப்பு ஒட்டிக்கொண்டு வந்தது. அழுக்கு என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தார். அது அழுக்கு இல்லை, பெயிண்ட். பெயிண்டுக்கு அடியில் கை அகலத்துக்கு ஒரு சிராய்ப்பு இருந்தது. அலுமினியம் வெள்ளையாகப் பல்லிளித்தது.

"இது என்னடா?"

மச்சினன் எண்ணெய்த் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தையற்காரர் எழுந்து உள்ளே போய்த் தன் இரும்பு ஸ்கேலை எடுத்துவந்தார். மூடியைக் கவிழ்த்து, கேஸ்கட் உட்காரும் விளிம்பின் மேல் ஸ்கேலைக் குறுக்கே வைத்து, கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்தார். மூன்று பக்கம் ஒட்டி நின்றது. நாலாவது பக்கத்தில் ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. மூடி வளைந்திருந்தது.

கெட்டி அலுமினியம் சும்மா வளையாது. அத்தனை கனமான வண்டி மொத்தமும் அந்தப் பக்கமாகப் பாறையில் விழுந்தால்தான் வளையும். அப்படி விழுந்தபோது சீட்டில் இருந்தது யார்?

ஸ்கேல் கை நழுவித் தரையில் விழுந்தது.

"வண்டி கவுந்துச்சா?"

"மாமா, அது வந்து..."

"கவுந்துச்சாடா?"

அவர் போட்ட சத்தத்தில் மனைவி ஈரக்கையோடு வாசல்படிக்கு வந்தாள். மூடியைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். முகம் செத்துப்போயிற்று.

"அக்கா, நான் ஒண்ணும் சொல்லல. அவரே கண்டுபிடிச்சிட்டாரு."

"எப்ப?" என்றார் தையற்காரர்.

"ரெண்டு மாசம் இருக்கும்" என்றாள். "ஓடைக்கு மேல இருக்கிற எறக்கத்துல. கவுறதுக்குள்ள பாதியிலேயே குதிச்சிட்டேன். தோள்ல மட்டும் இடிச்சிடுச்சு. தம்பிதான் வந்து தூக்கி நிறுத்தி, சிராய்ப்பு மேல பெயிண்ட் அடிச்சான்."

தலையணை சரியில்லை, கழுத்து பிடித்துக்கொண்டது என்று அவள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு திரிந்த வாரம் அது. இவர் புதுத் தலையணை உறை தைத்துக் கொடுத்திருந்தார்.

"எறக்கம் உனக்குப் புதுசா? கண்ணக் கட்டி விட்டாக்கூட எறங்குவியே. எப்படிக் கவுந்துச்சு?"

மச்சினன் எழுந்து நழுவப் பார்த்தான்.

"கேக்கறேன்ல?"

"ப்ரேக்க மிதிச்சேன். பூட்ஸ் வழுக்கிடுச்சுங்க. பெடல் பூரா எண்ணெய்."

வலது பக்க பெடல். மூடிக்கு நேர் கீழே. முதல் தடவை அவர் கடையில் கேஸ்கட் வாங்கவில்லை. கோட்டு வெட்டுவதற்கு வைத்திருக்கும் தடித்த பேட்டர்ன் தாளில், மூடியை வைத்துச் சாக்கட்டியால் வரைந்து, தன் கத்தரியாலேயே வெட்டி மாட்டினார். என்ன அழகாக வந்திருக்கிறது என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பெருமை அடித்தார். அன்றைக்கு ராத்திரி, "எப்படி, கசியுதா?" என்று கேட்டதற்கு அவள், "ஒரு சொட்டு இல்லீங்க" என்றாளே!

அப்படியே சாக்கில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

"ஊர்ல எந்த மூலையில குழாய் ஒழுகினாலும் ஓடிப்போய்ச் சொல்ற. என் கேஸ்கட் ஒழுகினா மட்டும் சொல்ல மாட்டியா? செத்திருந்தா?"

"உங்க மொகம் வாடிடும்னு..."

"என் மொகம் வாடினா என்னடி?"

அவள் படியில் உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். "வண்டி என் மேல சாயுதுல்ல, அப்பக்கூட என்ன தோணுச்சு தெரியுமா? ஐயோ, இத அவர்கிட்ட எப்படிச் சொல்லாம இருக்கறதுன்னுதான் தோணுச்சு."

தையற்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் தன்னைப் பார்த்து இவள் சிரித்த சிரிப்பில் எது நிஜம் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த பயம் வண்டி கவிழ்ந்த பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"மாப்ள, வேனுக்குச் சொல்லு. வொர்க் ஷாப்புக்கு ஏத்திடலாம். புது மூடி போடட்டும். அதுவரைக்கும் இவ லீவு."

அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினான்.

"இப்ப சொல்லு" என்றார் மனைவியிடம்.

"என்னத்தங்க?"

"நான் மாட்டினது எப்படி இருக்குன்னு. என் மொகத்தப் பாத்துச் சொல்லு."

"நல்லாத்தான்..." என்று ஆரம்பித்துவிட்டாள். பழகின வாய். பாதியில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. அவர் காத்திருந்தார்.

"கசியுதுங்க" என்றாள். "மொத நாள்லேர்ந்தே கசியுதுங்க."