சாயங்காலம் வரை தொடக்கூடாத புத்தகம்

எனக்குச் சாமி மேலும் நம்பிக்கை இல்லை, பள்ளிக்கூடத்து மேலும் நம்பிக்கை இல்லை. அடுத்த வீட்டு ஐயாசாமி இரண்டையும் நம்பினான்.

மலாயாவில் சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் எங்கள் ரப்பர்த் தோட்டம். கித்தா விலை விழுந்து பாதிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சமிருந்த நாங்கள் மறுபடி பால் வெட்டத் தொடங்கியிருந்தோம். எங்கள் லயத்து வீடுகளிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போய் இங்கிலீஷில் சீனியர் வகுப்புப் படித்தவன் ஐயாசாமியின் மகன் சதாசிவம் ஒருவன்தான். அமலநாதன் என்கிற, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்கார வாத்தியார் அவனைத் தன் வீட்டில் தங்கவைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். எல்லோரும் படிக்கிற கணக்குக்கு மேலே இன்னொரு கணக்கு இருக்கிறதாம். பள்ளியில் வைக்கிற சோதனையில் தேறினால்தான் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் அந்தத் தாளை எழுத விடுவார்களாம். அந்தச் சோதனை விஜயதசமிக்கு மறுநாள்.

பையன் ஆயுத பூஜைக்கு வீட்டுக்கு வந்தான். வாத்தியார் தன் சொந்தப் புத்தகத்தைக் கொடுத்தனுப்பியிருந்தார். கடைசிப் பாடம் இன்னும் அவனுக்குப் பிடிபடவில்லை. ஆனால் அவன் தாய் வெள்ளையம்மா புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கோயிலில் எல்லோருடைய பால் உளிகளுக்கும் மேலே கொண்டுபோய் வைத்துவிட்டாள். லயத்திலேயே பெரிய புத்தகம் தன் மகனுடையது என்று அவளுக்குப் பெருமை.

எங்கள் கோயில் வழக்கம் ஒன்று உண்டு. உளிகளை மறுநாள் விடியுமுன் எடுத்துக்கொள்ளலாம். புத்தகத்தையும் சிலேட்டையும் மட்டும் விஜயதசமி சாயங்காலப் பூஜை முடியும் வரை தொடக்கூடாது. துரை ஒரு நாள்தான் லீவு கொடுப்பான், அதனால் உளிக்குச் சாமி வழிவிட்டது. புத்தகத்துக்கு யார் கேட்பது?

ஆயுத பூஜை அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பாட்டுப் பந்தியில் இருந்தார்கள். நான் கோயிலுக்குப் பின்னால் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தேன். சதாசிவம் புத்தகத்தோடு வந்து நின்றான். என்னைப் பார்த்ததும் முகம் செத்துப்போயிற்று.

"மாமா, யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

"எனக்கென்னடா. நீ என்ன உண்டியலையா தூக்கிட்டு வந்த? உக்காரு."

உட்கார்ந்து படித்தான். அப்புறம் மண்ணில் குச்சியால் ஒரு வளைவும், அதை உரசினாற்போல ஒரு கோடும் போட்டான்.

"என்னடா இது?"

"இந்தக் கோடு வளைவ ஒரே ஒரு எடத்துல தொடுது மாமா. அந்த எடத்துல அது எவ்வளவு சாஞ்சிருக்குன்னு கண்டுபிடிக்கணும்."

"கண்டுபிடிச்சா ஆபீஸ்ல கிராணி வேலை குடுப்பானா?"

"குடுப்பான் மாமா."

"அலமாக்! அப்ப நல்லா சாய்ச்சுப் பாரு."

சிரித்தான். அவன் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். பாடம் பிடிபட்டவுடன் புத்தகத்தைத் திரும்ப வைத்துவிட்டு வந்தான்.

மறுநாள் காலை, பிரட்டில் பேர் கொடுத்துவிட்டு அவரவர் மர நிரையில் இறங்கிய கொஞ்ச நேரத்தில், ஒரு கித்தா மரம் வேரோடு ஐயாசாமி மேல் சாய்ந்தது. இடுப்பு போயிற்று. தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே வந்த பூசாரி மணியம் மெதுவாகச் சொன்னான்: "காலையில பாக்குறேன், அந்தப் பெரிய புத்தகத்து மேல வச்ச பூவக் காணோம். யாரோ கை வச்சிருக்காங்க."

வெள்ளையம்மா மகனைப் பார்த்தாள். "எடுத்தியா?"

"எடுத்தேன்மா."

அவள் திட்டவில்லை. அடிக்கவும் இல்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஐயாசாமிக்கு நினைவு இருந்தது. "அதெல்லாம் பேசாதீங்க. நீ ரயிலுக்குக் கெளம்புடா," என்றான். சதாசிவம் கிளம்பவில்லை. சோதனை நாள் போயிற்று.

நான் அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். "அது வேர் அழுகுன மரம்டா. வெள்ளைப் பூஞ்சை புடிச்சிருக்குன்னு நம்மள மேய்க்கிற மண்டோர்கிட்ட நானே சொன்னேன். அவன் காதுல போட்டுக்கல. சாமியாவது பூதமாவது."

"எப்ப சொன்னீங்க?"

"போன வருசம்."

"போன வருசத்துலேருந்து நின்ன மரம், ஏன் மாமா அன்னைக்கின்னு பாத்து விழுந்துச்சு?"

பூசாரி இதைச் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கணக்குப் படித்த பையன் அல்லவா சொல்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை அமலநாதன் வாத்தியார் வெள்ளைக் கால்சட்டையில் சேறு தெறிக்க நடந்து வந்தார். பையனை வாசலில் நிற்கவைத்துப் பேசினார்.

"பெரிய வாத்தியார்கிட்ட கெஞ்சி வாங்கியிருக்கேன் தம்பி. உனக்கு மட்டும் நாளைக்கி வேற சோதனை வைப்பாங்க. இப்பவே கெளம்பு."

"வரல சார்."

"அப்பா வேலைக்குப் போக முடியாதுன்னா பாக்குற? வழி பண்ணலாம்."

"அதுக்கில்ல சார். புத்தகத்த நான் தொட்டேன்."

வாத்தியாருக்குக் கோபம் வந்தது. "நீ தொட்டதுக்கும் மரம் விழுந்ததுக்கும் என்ன சம்பந்தம்? உனக்குத்தான் தெரியுமே. நிரூபி பாப்போம்."

"சம்பந்தம் இல்லன்னு நீங்க நிரூபிங்க சார்."

சதாசிவம் உள்ளே போய்ப் புத்தகத்தை ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினான். விரல் அதன் மேல் படாமல் துணியோடு நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டு போனார். அப்புறம் வரவே இல்லை.

ஐயாசாமி எழுந்து நடக்கவில்லை. அவன் நிரையைச் சதாசிவமே வெட்டினான். சுத்தமான வெட்டு, பட்டையில் ஒரு காயம் இருக்காது. யாரோடும் பேச மாட்டான். நான் எதையாவது கேட்டால் மரத்தைப் பார்த்துக்கொண்டு "ம்" என்பான்.

அடுத்த வருஷமும் ஆயுத பூஜை வந்தது. கோயிலில் பெரிய புத்தகம் எதுவும் இல்லை. தோட்டப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சிலேட்டுகள்தான் இருந்தன. மறுநாள் காலை உளிகளை எடுத்துக்கொண்டிருந்தோம். வீரமுத்துவின் மகள் செல்லம், ஐந்து வயதிருக்கும், கூட்டத்தில் நுழைந்து தன் சிலேட்டை எடுக்கக் கையை நீட்டினாள்.

பளார் என்று ஒரு அடி விழுந்தது. பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு அலறியது.

பூசாரிதான் அடித்தான் என்று நினைத்துத் திரும்பினேன். பூசாரி கற்பூரத் தட்டோடு அந்தப் பக்கம் நின்றான். அடித்தவன் சதாசிவம்.

"சாயங்காலம் வரைக்கும் தொடாத," என்றான். "உங்கப்பா வேலைக்குப் போறாரு."