ஆனி மழையில் ஊதிய வேப்பங்கதவு

1

இந்தக் கதையின் ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவிநாசியப்பர் மேல் ஆணையாகச் சொல்கிறேன். முதலை விழுங்கிய பிள்ளை, விழுங்கிய வயதோடு நிற்காமல் உள்ளேயே வளர்ந்து, வாய் வழியாகத் திரும்பி வந்த ஊர் அவருடையது. அதை நம்பிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள், ஒரு கதவு ஊதியதை நம்ப மாட்டோம் என்றால் அது நியாயமாகாது.

கதை பிறந்த விதத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன மாதம் கோயம்புத்தூர் காந்திபுரத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு கட்டுக் காகிதம் வாங்கி ஜன்னலோரம் வைத்தேன். மேல் தாள் மஞ்சளாகிவிட்டது. இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை, அதற்குள் என் எழுத்து பழசாகிவிட்டது. மரம் சம்பந்தமாகச் சந்தேகம் வந்தால் நான் கேட்கிற ஒரே ஆள் என் அக்கா மகள் ராமாமணி. எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அவளைக் கூப்பிட்டேன். (எந்த ஊருக்குக் கூப்பிட்டேன் என்பதை இப்போதே சொன்னால் கதை கெட்டுவிடும்.)

மரம் என்பது முக்கியமாக மூன்று சரக்கு என்றாள். முதலாவது செல்லுலோஸ்: சர்க்கரைக் கண்ணிகளை வரிசையாகக் கோத்த நெடுஞ்சங்கிலி, நூல் மாதிரி. இரண்டாவது ஹெமிசெல்லுலோஸ்: அந்த நூல்களுக்கு நடுவே ஒட்டிக் கிடக்கும் குட்டைச் சங்கிலி. மூன்றாவது லிக்னின்: எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும் பசை. அது இருப்பதால்தான் மரம் நிமிர்ந்து நிற்கிறது. நல்ல காகிதத்தில் அந்தப் பசையை எடுத்துவிடுவார்களாம். என்னுடையதைப் போன்ற காகிதத்தில் அப்படியே விட்டுவிடுவார்களாம். வெளிச்சம் பட்டால் மஞ்சளாகிவிடுமாம்.

"பருத்தியில அது இல்லீங்க மாமா. நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல வெறும் செல்லுலோஸ்தான். அதான் துணி நிக்காது, தொங்கும்," என்றாள்.

பருத்தியைப் பற்றி நான் கேட்கவே இல்லை.

ஆக, நான் எழுதிக்கொண்டிருப்பதே மரத்தின் மேல்தான். ஒரு கதவின் கதையை அந்தக் கதவின் ஒன்றுவிட்ட தம்பியின் முதுகில் எழுதுகிறேன். அண்ணனைப் பற்றித் தப்பாக எழுதினால் தம்பி மையை உறிஞ்சி எழுத்தைக் கலைத்துவிடுகிறான். கீழே சில வாக்கியங்கள் பாதியில் நிற்பதற்குக் காரணம் அதுதான்.

2

முதல் தொடக்கம்: [தொண்டாமுத்தூர் மலையடிவாரத்தில் மேகங்கள் மேய்ந்துகொண்டிருந்த ஒரு மாலையில்...] வேண்டாம். மேகம் மேய்ந்தால் பின்னாலேயே மாடு வரும், மாட்டுக்குப் பின்னால் புல்லாங்குழலோடு ஒருவன் வருவான்.

இரண்டாவது: [மனிதர்களும் மரங்களைப் போலத்தான், கொஞ்சம் ஈரம் பட்டால்...] எழுதிய கைக்கே கூச்சமாகிவிட்டது.

மூன்றாவது: [பெண்ணையும் பையனையும் பத்து நிமிஷம் தனியாகப் பேச விடலாம் என்று பெரியவர்கள்...] இது பரவாயில்லை. இதன் வாலைப் பிடித்துக்கொண்டே போகிறேன்.

3

தொண்ணூற்று மூன்றாம் வருஷம், ஆனி மாதக் கடைசி. ஆடி பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சை வாயில் எடுக்க மாட்டார்கள் என்பதால் எல்லாரும் அவசரத்தில் இருந்தார்கள். என் அக்கா வீட்டுக்காரர் கோபாலசாமிக்குத் தொண்டாமுத்தூரில் தென்னந்தோப்பு, தோப்புக்குள் வீடு. பெண் பார்க்க வந்தவர்கள் அவிநாசிப் பக்கத்தில் நூல் மில் நடத்தும் குடும்பம். பையன் உதய், மில்லைப் பார்த்துக்கொள்கிறவன். கூட வந்தது அவன் அம்மா ரங்கநாயகி அம்மாள். இரண்டு வீட்டிலும் பேச்சு தெலுங்குதான். ஆனால் மரியாதை காட்ட வேண்டிய நேரங்களில் தமிழுக்கு மாறிக்கொள்வோம். கொங்குத் தமிழில் எத்தனை 'ங்க' வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

ராமாமணிக்கு டேராடூனில் மர ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்திருந்தது. மூன்று வருஷம். அந்த வெள்ளிக்கிழமை ரயிலேறினால்தான் உண்டு. கோபாலசாமியோ மாப்பிள்ளை வீட்டாரிடம், அதெல்லாம் வேண்டாம் என்று பெண் விட்டுவிட்டாள் என்று சொல்லியிருந்தார். அவள் விடவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர், அதனால் சொன்ன பொய்யை அவ்வளவு மோசமாகச் சொல்லியிருந்தார். அவள் உதயிடம் உண்மையைச் சொன்னால் வந்தவர்கள் முன்னால் அப்பாவின் தலை கவிழும். சொல்லாவிட்டால் ரயில் போய்விடும். அவளுக்குக் கிடைத்தது ஓர் அறையும் பத்து நிமிஷமும்.

அந்த அறைக்குத்தான் வேப்பங்கதவு.

கோட்டைமேட்டு நாகூர் மீரான் சித்திரை வெயிலில் செய்து மாட்டிய கதவு. அவருக்கு மரம் சீவுகிற தன் இழைப்புளியின் மேல் கொஞ்சம் கர்வம் உண்டு. கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு தாள் நுழையாது என்றார். தாளை நுழைத்துப் பார்த்தார், நுழையவில்லை. எறும்பை விட்டுப் பார்த்தார், எறும்பு யோசித்துவிட்டு ஜன்னல் வழியாகப் போனது. ஆனால் சித்திரையில் மரம் காய்ந்து மெலிந்திருந்தது. பட்டினி கிடந்தவனுக்கு அளவெடுத்துச் சட்டை தைத்த கதைதான்.

உதயும் ராமாமணியும் உள்ளே போனார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரல் வந்தது. காற்று கதவைச் சாத்தியது. கதவு ஊதியது.*

(* ஒரே நிமிஷத்தில் மரம் அப்படி ஊதாது, நாள்கணக்கில் ஈரம் வேண்டும் என்று ராமாமணி சொல்கிறாள். அவள் படித்தவள். நான் பார்த்தவன்.)

4

பத்து நிமிஷம் ஆயிற்று. அப்புறம் இன்னொரு பத்து.

வேறு ஊராக இருந்தால் யாராவது எழுந்து கதவைத் தட்டியிருப்பார்கள். எங்கள் பக்கத்தில் அது நடக்காது. பெண் வீட்டார் தட்டினால் சந்தேகப்படுகிறார்கள் என்றாகிவிடும். மாப்பிள்ளை வீட்டார் தட்டினால், கிளம்ப அவசரப்படுகிறார்கள் என்று அர்த்தம். கதவு சிக்கிக்கொண்டது என்று சொன்னால் வீட்டுக்காரரின் கதவைக் குறை சொன்னதாகும். உள்ளே இருப்பவர்களும் தட்ட முடியாது. பேச்சு சலித்துவிட்டது என்று மற்றவர் நினைத்துவிட்டால்?

"பேசட்டுங்க. என்ன அவசரம்," என்றார் ரங்கநாயகி அம்மாள்.

"ஆமாங்க, பேசட்டுங்க," என்றார் கோபாலசாமி.

அக்கா மறுபடியும் காப்பி கொண்டுவந்தாள். குடித்து முடித்ததும் மறுபடியும் பேசட்டுங்க என்றார்கள். மரியாதையால் ஒரு வீட்டையே பூட்ட முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

எனக்கு மட்டும் பொறுக்கவில்லை. மரம் நார் ஓடும் வாக்கில்தான் சத்தத்தை வேகமாகக் கடத்தும். கதவில் நார் மேலிருந்து கீழே ஓடுகிறது. ஆகவே ஒட்டுக்கேட்க விரும்புகிறவன் கதவின் பலகையில் காது வைக்கக் கூடாது, அடிமுனையில் வைக்க வேண்டும். செருப்பைத் தேடுகிற சாக்கில் தரையில் படுத்தேன். பாட்டைப் போலத் துல்லியமாகக் கேட்டது, கொஞ்சம் வேப்பங்கசப்போடு.

5

உள்ளே நடந்தது இது. (இந்தப் பகுதியை நான் நாலு தடவை எழுதினேன். உதயை எப்படிப் பேச வைப்பது என்று தெரியவில்லை. முதல் பிரதியில் அவன் மீசையை முறுக்கினான். அவனுக்கு மீசை இல்லை.)

"கதவு வரமாட்டேங்குதுங்க," என்றான் உதய்.

"வராதுங்க. தண்ணி குடிச்சுட்டிருக்குது."

செல்லுலோஸ் சங்கிலிக்கு உடம்பெல்லாம் கைகள் என்று அவள் விளக்கினாள். காற்றில் ஈரம் வந்தால் ஒவ்வொரு கையும் கொஞ்சம் நீரைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்து நூல் நகர்ந்து இடம் விடும். அப்படி நகர்ந்து நகர்ந்து பலகை அகலத்தில் பெருக்கும், நீளத்தில் பெருக்காது.

தன் மில்லில் வேண்டுமென்றே ஈரம் அடிக்கிறார்கள் என்றான் அவன். காற்று காய்ந்தால் நூல் அறுந்துபோகும். சாமர்த்தியம் எல்லாம் ஈரத்தை எந்த அளவில் நிறுத்துவது என்பதில்தான்.

"எங்க பஞ்சு நாரு முப்பது மில்லிமீட்டர் வருமுங்க. உங்க வேப்பமரத்து நாரு?"

"ஒண்ணு. சுமாரா."

"ஒரு மில்லிமீட்டரை வெச்சா இத்தன பெரிய மரம் நிக்குது?"

"ஒண்ணை ஒண்ணு விட்டுக்குடுக்காம ஒட்டிட்டு நிக்குதுங்க."

 ஓட்டில் சாரல் விழும் சத்தம் கேட்டது. பிறகு அவள் சொன்னாள்.

"எங்கப்பா சொன்னது நெசமில்லீங்க. நான் அந்த எடத்தை விடல. வெள்ளிக்கிழம ரயிலுக்குப் போறேன். மூணு வருஷம். அவரைத் தப்பா நெனச்சுப்போடாதீங்க. நான் கண்ணு முன்னாலயே இருக்கோணும்னு ஆசை, அதுல சொல்லிப்போட்டாரு."

[ "நான் காத்திருப்பேனுங்க," என்று உதய்... ] இல்லை. மில்காரன் அப்படிப் பேச மாட்டான்.

[ "அப்ப நாங்க கெளம்பறமுங்க," என்று உதய் எழுந்து... ] எங்கே கிளம்புவது? கதவு?

அவன் கேட்டது இதுதான்: "அந்த நாருக்குள்ள செல்லுலோஸ் நூலு நேரா ஓடுதுங்களா, முறுக்கி ஓடுதுங்களா?"

"முறுக்கித்தானுங்க. நாரைச் சுத்திச் சுத்தி."

"அப்ப நம்ம தொழில்தானுங்க அது," என்றான்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இவ்வளவும் எனக்கு மட்டும்தான் கேட்டது. கோபாலசாமிக்குக் கேட்கவில்லை. ரங்கநாயகி அம்மாளுக்கும் கேட்கவில்லை. கேட்டிருக்கவே முடியாது, ஒன்றரை அங்குல வேம்பு. 'எங்கப்பா சொன்னது நெசமில்லீங்க' என்று அவள் சொன்ன அதே சமயம் கோபாலசாமி எழுந்து, குடையில்லாமல், சாரலில் தோப்புக்குள் நடந்துபோனார். அது தற்செயல். தென்னை நனைகிறதா என்று பார்க்கப் போனார். ரங்கநாயகி அம்மாள் டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் தற்செயல். டம்ளர் காலி.

6

அந்த மாலை எனக்கு இன்னும் கனவு மாதிரிதான் இருக்கிறது. மலையிலிருந்து வெள்ளைச் சாரல் இறங்கி ஜன்னல் வழியாக வந்து எங்களோடு உட்கார்ந்தது. வீட்டிலிருந்த மரமெல்லாம் மெல்லக் குடிக்கத் தொடங்கியது. உத்தரம் குடித்தது. ஜன்னல் சட்டம் குடித்தது. கட்டிலும் அலமாரியும் குடித்தன. வெட்டிப் பல வருஷமான நாற்காலிகள், தங்களுக்குள் ஒரு காலத்தில் வேரிலிருந்து இலைவரை நீர் ஏறிய நுண்குழாய்களை ஞாபகப்படுத்திக்கொண்டன. ரங்கநாயகி அம்மாளின் நாற்காலி ஒரு சாண் உயர்ந்தது.

(திருத்தம்: மரம் நீளவாக்கில் வளராது என்று மேலேயே சொல்லிவிட்டேன். ஆகவே நாற்காலி உயரவில்லை, அகலமானது. அந்த அம்மாள் இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.)

வீடு முழுவதும் வேப்பம்பட்டை மணம்.  சுவர்கள் வளைந்து ஒன்றுக்குள் ஒன்று வளையங்களாகின. நாங்கள் ஒரு பெரிய மரத்தின் உள்ளே உட்கார்ந்திருந்தோம், வெளி வளையத்தில் நாங்கள், வைரம் பாய்ந்த நடுத்தண்டில் அவர்கள் இருவரும். அங்கிருந்து ஒரு பெண்ணின் குரல் சன்னமாக, அவசரமில்லாமல், எதற்கோ விளக்கம் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு ஆண் குரல் நடுநடுவே 'அப்படீங்களா' என்றது.

விளக்கு வைக்கிற நேரம் வந்தது.

7

கதவு எப்படித் திறந்தது என்பதற்கு என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

ஒன்று: நாகூர் மீரானுக்கு ஆள் போய், அவர் டவுன் பஸ்ஸில் இழைப்புளியோடு வந்து இறங்கினார். கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "மரத்து மேல தப்பில்லீங்க, மழை மேல தப்பு," என்று சொல்லி, சீவல் சீவலாக எடுத்து வழி விட்டார்.

இரண்டு: யானை வந்தது. தொண்டாமுத்தூரில் யானை வருவதற்குக் காரணம் கேட்க மாட்டார்கள். கதவை மோந்து பார்த்தது, வேம்பு என்று தெரிந்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, மரியாதையாக ஒரே ஒரு தள்ளு. (இந்த முடிவைத்தான் என் பேரப்பிள்ளைகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள்.)

மூன்று: சாரல் நின்றது. மேற்கே மலைக்கும் மேகத்துக்கும் நடுவே கொஞ்சம் வெயில் வந்தது. சங்கிலிகள் பிடித்திருந்த நீரை ஒவ்வொரு கையாக விட்டன. கதவு பெருமூச்சு விட்டுத் தானாகத் திறந்தது.

உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும் அடுத்து நடப்பது ஒன்றுதான். ராமாமணி வெளியே வந்தாள். தோப்பிலிருந்து கோபாலசாமி திரும்பி வந்திருந்தார். துண்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவளை நிமிர்ந்து பார்க்காமல், துண்டைப் பிழிந்தபடியே சொன்னார்:

"அம்மணி, அந்த ஊர்ல குளிரு சாஸ்தியாமா. கம்பளி எதாச்சும் இருக்குதா?"

அவள் அந்த ஈரத் துண்டை அவர் கையிலிருந்து வாங்கிக் கொடியில் போட்டாள்.

அவருக்கு எப்படித் தெரிந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். ஈர மரம் எதையெல்லாம் கடத்தும் என்று யாருக்குத் தெரியும்? ரங்கநாயகி அம்மாளும், அவிநாசியில் நல்ல கம்பளி கிடைக்கும், கொடுத்தனுப்புகிறேன் என்றார். சம்பந்தியாகச் சொன்னாரா, விருந்தாளியாகச் சொன்னாரா என்பதை அந்த வாக்கியத்தை வைத்துச் சொல்ல முடியாது. எங்கள் மரியாதையில் அதுதான் சிக்கல்.

மூன்று வருஷம் கழித்து உதய் என்ன பதில் சொன்னான் என்பதை நான் எழுதப் போவதில்லை. காகிதத்தில் இன்னும் பாதிப் பக்கம் இருக்கிறது. மஞ்சளாவதற்குள் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என் பங்குக்கு, நேற்று தொண்டாமுத்தூர் போனபோது அக்காவிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட ஒரே ஒரு தகவலை மட்டும் கீழே கொடுத்துவிட்டு எழுந்துகொள்கிறேன்.

அந்த அறைக்கு அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, கதவே கிடையாது. வாசலில் தொங்குவது ஒரு பருத்தித் திரை.