இறக்கை நட்டின் மேல் சிவப்புக் கோடுகள்

என் மருமகள் குடும்ப மானத்தைக் கப்பலேற்றிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டுதான் அன்று அருங்காட்சியகத்தின் படியேறினேன்.

அவள் அங்கே தலைமை மெக்கானிக். அவளுக்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் அந்த வேலையில் இருந்தவன் நான். அங்கிருக்கும் பழைய தபால் விமானத்தை முதன்முதலில் ஓட்டியவர் என் அப்பா. இப்போது வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பார்வையாளர்களுக்கு முன்னால் அதை ஓட்டிக் காட்டுகிறவன் என் மகன். அந்த மாதிரியில் வேறொரு விமானம் எங்கேயும் மிச்சமில்லை. பட்டறையில் எல்லோரும் அதைப் ‘பெரியம்மா’ என்பார்கள். பெரியம்மாவுக்கு இன்று மூக்கடைப்பு, பெரியம்மா எண்ணெய் குடிக்க மாட்டேன் என்கிறாள் என்று பேசிக்கொண்டேதான் வேலை நடக்கும்.

அந்தப் பெரியம்மா இனிப் பறக்க வேண்டாம், காட்சிக்கூடத்தில் நிற்கட்டும் என்று மருமகள் நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் கொடுத்திருந்தாள். நாங்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். ஆனால் காப்பாட்சியர் போன் செய்துதான் எனக்குத் தெரிந்தது. மகனைக் கேட்டேன். உலோகத்துக்கு வயதாகிவிட்டது என்பதற்கு மேல் அவனிடமும் அவள் ஒன்றும் சொல்லவில்லையாம்.

குழுவில் ஏழு பேர். பறக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. மருமகள் எழுந்து, இருப்பது ஒன்றே ஒன்று, விழுந்தால் அதோடு தீர்ந்தது என்றாள். பறக்க வைப்பதற்காக வருடா வருடம் ஒரு பழைய பாகத்தைக் கழற்றிப் புதியதை மாட்டுகிறோம், கடைசியில் நாம் காட்டப்போவது நகலைத்தான் என்றாள். குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் உண்டு. யாரையும் சும்மா விட மாட்டார்.

“என் முழங்கால்கூட மாத்தினதுதான்மா. அதுக்காக நான் வேற ஆளாயிட்டேனா?”

சிரிப்பு அடங்கியதும் நான் எழுந்தேன். அந்த இன்ஜின் சத்தம் நெஞ்சில் அதிர்வதை எந்தப் பலகையில் எழுதி வைக்க முடியும் என்று கேட்டேன். பறப்பதை நிறுத்தினால் பறக்க வைக்கத் தெரிந்தவர்களும் பத்து வருடத்தில் இல்லாமல் போவார்கள் என்றேன். நான் சோதித்துக் கையெழுத்துப் போட்டுப் பறக்க விட்ட ஒரு நாளாவது அதில் ஒரு குறை உண்டா என்றும் கேட்டேன். ஏழில் ஐந்து தலை என் பக்கம் அசைந்தது. ஆசிரியை மட்டும், இந்தச் சண்டையை வீட்டிலேயே முடித்திருக்கலாமே என்று முணுமுணுத்தார். தேநீருக்குப் பிறகு வாக்கெடுப்பு என்றார் காப்பாட்சியர்.

“மாமா, ஒரு நிமிஷம் ஹேங்கர் வரைக்கும் வர்றீங்களா?” என்றாள் மருமகள்.

மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்று நினைத்து, விறைப்பாகவே அவள் பின்னால் போனேன்.

விமானக் கொட்டகையில் இடது இறக்கையின் அடி மூடியைக் கழற்றி வைத்திருந்தாள். இறக்கையை உடலோடு பிடித்திருப்பவை நான்கு பெரிய நட்டுகள். நட்டை முடுக்கியதும் அதன் மேலிருந்து அடித்தகடு வரைக்கும் சிவப்பு பெயின்டில் ஒரு கோடு இழுப்பது எங்கள் தொழிலின் வழக்கம். நட்டு இம்மி திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பறக்கும் நாளில் மூடியைத் திறந்து வைத்துப் பார்வையாளர்களைப் படமெடுக்க விடுவோம். மங்கிய கோடு என் கண்ணுக்கு அழுக்காகத் தெரியும். அதனால் வருடா வருடம் நானே தூரிகையை எடுத்துப் பழைய கோட்டின் மேலேயே புதிதாக ஒன்று இழுப்பேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்த ஒரு வேலையை மட்டும் யாருக்கும் விட்டதில்லை.

பின்பக்க நட்டின் மேல் இருந்த பெயின்டை அவள் அடுக்கடுக்காகச் சுரண்டியிருந்தாள். உருப்பெருக்கியை என்னிடம் நீட்டி விளக்கைப் பிடித்தாள். தகட்டில் ஒரே ஒரு தடித்த கோடு. நட்டின் மேலோ, அந்தக் கோட்டிலிருந்து ஒன்பது கோடுகள், விரித்த விசிறி போல, ஒன்றுக்கொன்று மயிரிழை விலகி.

அந்த நட்டைப் புதிதாக மாட்டி ஒன்பது வருடம் ஆகிறது. ஒவ்வொரு வருடமும் அந்த நட்டு கொஞ்சம் திரும்பியிருக்கிறது. ஒவ்வொரு வருடமும் அதன் கோடு உடைந்திருக்கிறது. ஒவ்வொரு வருடமும் நான் அதன் மேல் பளபளவென்று வரைந்து மூடியிருக்கிறேன்.

அந்த நட்டுக்குரிய போல்ட்டை அவள் முன்பே உருவி, அந்த இடத்தில் வேறொன்றைச் செருகியிருந்தாள். துணியில் சுற்றி வைத்திருந்த பழையதை என் உள்ளங்கையில் வைத்தாள். நட்டு தளர்ந்த ஆட்டத்தில் உராய்ந்து உராய்ந்து அதன் நடுப்பகுதி இளைத்திருந்தது. இளைத்த இடத்தில் ஒரு விரிசல்.

“இதை ஏன் கடிதத்துல எழுதல?” என்றேன்.

“எழுதினா யார் கோடு போட்டாங்கன்னு கேப்பாங்க மாமா. வயசாயிடுச்சுன்னு சொன்னாலே ஒத்துக்குவாங்கன்னு நினைச்சேன். நீங்க பேசிக் கெடுத்துட்டீங்க.” விளக்கை அணைத்தாள். “புது போல்ட் போடலாம். ஆனா இதே மாதிரி வேற எங்க என்ன மூடியிருக்குன்னு எனக்குத் தெரியாது. அவரை இதுல ஏத்த மாட்டேன். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

திரும்பி நடந்த அந்த நூறடியில், அவளே சொல்லட்டும், நான் உடம்பு சரியில்லை என்று வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றியதை மறைக்க மாட்டேன். அவள் கூட்ட அறையின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே என் மகன் ஞாயிற்றுக்கிழமைக்கான வானிலைத் தாளைக் காப்பாட்சியருக்கு விளக்கிக்கொண்டிருந்தான்.

போல்ட்டை மேசை நடுவில் வைத்துவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உலோகத்தின் வயது என்றே குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாமே என்று காப்பாட்சியர் தணிந்த குரலில் கேட்டார். என்னைக் காப்பாற்றத்தான் கேட்டார். முந்தைய தலைமை மெக்கானிக், சோதிக்காமல் ஒன்பது வருடம் கோட்டின் மேல் கோடு போட்டார் என்று எழுதச் சொன்னேன். அவர் பேனா நகராததால் இன்னொரு முறை சொன்னேன்.

மகன் போல்ட்டை எடுத்து விரிசலில் நகத்தை ஓட்டிப் பார்த்தான்.

“போன வருஷம் பாப்பாவைப் பின்னாடி உக்கார வெச்சுக்கிட்டுப் போனேன்பா,” என்றான்.

பாப்பா என் பேத்தி, ஏழு வயது. அவளைத் தூக்கி அந்த இருக்கையில் வைத்து வாரைப் பூட்டியவன் நான். அவன் போல்ட்டை மேசையில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், மனைவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

விமானம் இனிப் பறக்க வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார் காப்பாட்சியர். ஆசிரியையின் கை முதலில் உயர்ந்தது, மற்றவை ஒவ்வொன்றாக. எனக்கு அங்கே ஓட்டு கிடையாது. இருந்தும் தூக்கினேன். யாரும் இறக்கச் சொல்லவில்லை.