வெள்ளிக்கிழமையை அளந்தவர்

டின் மீன் கம்பெனியில் புள்ளிவிபரவியல் படித்த ஒரே பிறவி தான்தான் என்பதில் றேமண்டுக்கு ஒரு தலைக்கனம். அதனால்தான் கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் ஓடிய இரண்டு விற்பனை வான்களில் ஒன்றை நிறுத்துவதென்று முடிவானபோது, எதை என்று கண்டுபிடிக்கும் வேலையை அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார். வெள்ளவத்தை வானை ஓட்டியவர் றவூப், பிள்ளைகுட்டிக்காரர். வான் நின்றால் அவருடைய வேலையும் நிற்கும்.

கொட்டாஞ்சேனையில் நூறு வீடு, வெள்ளவத்தையில் நூறு வீடு. சீட்டுக் குலுக்கித் தெரிவு செய்தார். ஆட்கள் வீட்டில் நிற்பார்கள் என்று இரண்டு இடத்துக்கும் சனிக்கிழமைகளிலேயே போனார். நேற்று வீட்டில் மீன் சமைத்தீர்களா என்பதுதான் கேள்வி. போன மாதத்தைக் கேட்டால் மறதி கலக்கும், நேற்றைக் கேட்டால் கலக்காது என்பது அவரது மகா கண்டுபிடிப்பு. கொட்டாஞ்சேனையில் அறுபத்திரண்டு வீடு ஓம் என்றது, வெள்ளவத்தையில் பத்தொன்பது. தற்செயலாக வரக்கூடிய வித்தியாசத்தைப்போல இது ஆறு மடங்கு. றவூப்பின் வான் முடிந்தது. எழுதும்போது றவூப்பின் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள்; விஞ்ஞானிக்கு இரக்கம் ஆகாது என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

திங்கட்கிழமை அறிக்கை கொடுக்கவேண்டும். அதற்கு முந்திய வெள்ளி மாலை, கொண்டாட்டமாக மாட்டிறைச்சி றோல்ஸ் வாங்கிக்கொண்டு தன் கொட்டாஞ்சேனை வீட்டுக்குள் நுழைந்தார். மனைவி டோரின் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, அப்படியே மூடினாள்.

"இறைச்சி தொடக்கூடாத தவக்காலத்து வெள்ளிக்கிழமையில மாடு வாங்கிக்கொண்டு வாறியள். நீங்கள் ஞானஸ்நானம் எடுத்தனீங்களோ, இல்லாட்டி அதுக்கும் சீட்டுக் குலுக்கினவையோ? இந்தத் தெருவில இண்டைக்கு எல்லா வீட்டிலயும் மீன்தான்."

றேமண்ட் கதிரையில் தொப்பென்று இருந்துவிட்டார். வெள்ளவத்தையிலோ இதே வெள்ளிக்கிழமை முக்கால்வாசி வீடு சைவம். மீன்சட்டி அடுப்புப் பக்கமே வராது. இருநூறு வாசல் ஏறி இறங்கி அவர் அளந்தது மீனை அல்ல, வெள்ளிக்கிழமையை. கத்தோலிக்கனாகப் பிறந்து, வெள்ளவத்தையில் வருடக்கணக்காக போர்டிங்கில் இருந்து, இரண்டையும் மறந்த ஒரு மனிதனுக்குக் கம்பெனி சம்பளம் கொடுக்கிறது.

திங்கட்கிழமை மனேஜர் ஸ்ரனிஸ்லாஸிடம் கணக்குச் சரி, கேட்ட நாள் பிழை என்று ஒப்புக்கொண்டார்.

"அப்ப உண்மை என்ன?"

"தெரியாது சேர். செவ்வாய் வெள்ளி இல்லாத நாளாப் பாத்துத் திரும்பக் கேக்கவேணும்."

"உம்மட லீவில கேளும்" என்றார் மனேஜர். வரவிருந்த பதவி உயர்வைப் பற்றி அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை.

இந்த முறை புதிதாகச் சீட்டுக் குலுக்கி, வியாழக்கிழமைகளில் போய்ப் புதன்கிழமைச் சமையலைக் கேட்டார். கொட்டாஞ்சேனை நாற்பத்தெட்டு, வெள்ளவத்தை நாற்பத்தொன்று. அவ்வளவு வித்தியாசத்தைத் தற்செயலே செய்துவிடும். இதை வைத்து ஒரு வானை நிறுத்த முடியாது என்று றேமண்ட் எழுதினார், இரண்டும் ஓடின.

நடந்ததை றவூப்பிடம் அவரே போய்ச் சொன்னார். றவூப் வானில் பெட்டி ஏற்றிக்கொண்டே சொன்னார்.

"ஒங்கட படிப்பு பொல்லாத சாமான், மிஸ்டர் றேமண்ட். நல்லகாலம், ஒங்கட மிஸிஸ் அத படிக்கல்ல."

றேமண்ட் சட்டைக் கையை மடித்துவிட்டு அடுத்த பெட்டியைத் தூக்கினார்.