டிரைவுக்கு அடியில் கிடந்த பெருநாள் புத்தகம்

லோனப்பனுக்குக் காலையில் எழும்போதே இடுப்பு பிடித்துக்கொண்டது. முந்தின நாள் பேப்பர் கட்டுகளைத் தூக்கிய வினை. குந்நங்குளத்து அச்சகத்தைத் திறந்ததும் பின் அறையில் தரையோடு கிடக்கும் பெரிய சர்வர் மெஷினைத்தான் முதலில் போடவேண்டும். எல்லார் வேலையும் அதற்குள்தான் இருக்கிறது. மற்ற கம்ப்யூட்டர்கள் எழும்போது அதிலிருக்கும் பொது டிரைவைத் தாமாகவே இழுத்து மாட்டிக்கொள்ளும். ஆனால் அன்று அவனால் குனிய முடியவில்லை. டைப் அடிக்கும் ஜாலியின் கம்ப்யூட்டரை மட்டும் போட்டுவிட்டு, தைலம் தேய்த்து, டீ குடித்து, அப்புறம்தான் பெரியதன் பக்கம் போனான்.

அதற்குள் ஜாலி வந்து உட்கார்ந்துவிட்டாள். பொது டிரைவ் ஃபோல்டர் காலியாகக் கிடந்தது. மாசக் கடைசியில் பழைய வேலைகளை லோனப்பன் வழித்துப் போடுவது வழக்கம். அப்படித்தான் என்று நினைத்து, தேவாலயப் பெருநாள் புத்தகத்தை, பங்குக் குடும்பங்களின் பெயர்களோடு, அதிலேயே அடித்துச் சேமித்தாள்.

மதியம் கம்ப்யூட்டர் அசையாமல் நின்றது. அணைத்துப் போட்டாள். ஃபோல்டர் நிறையப் பழைய வேலைகள். புத்தகத்தைக் காணோம். சாயங்காலம் ஃபாதர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் ஞாயிற்றுக்கிழமைப் பெருநாளுக்கு அச்சாகும்.

"சேவ் பண்ணியிருக்க மாட்டே மோளே. உனக்கு சீரியல் பாக்கவே நேரம் பத்தல" என்றான் லோனப்பன்.

"பண்ணினேன் லோனப்பேட்டா. கண்ணால பாத்தேன்."

"கனவுல பாத்திருப்பே."

அவள் கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டாள். முதலிலிருந்து அடிக்கத் தொடங்கினாள். திருப்பி நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவனுக்கு ஆறியிருக்கும். பொறுக்க முடியாமல், இந்தக் கம்ப்யூட்டர்களை இணைத்துக் கொடுத்த ஷிபுவுக்கு ஃபோன் போட்டான்.

"காலைல எதை முதல்ல போட்டீங்க?" என்றான் ஷிபு.

லோனப்பன் சொன்னான். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம்.

"டிரைவ் மாட்டலேன்னா அந்த ஃபோல்டர் அவங்க கம்ப்யூட்டர்லயே இருக்கற வெறும் பெட்டி, சேட்டா. ஜாலிச் சேச்சி அதுல வெச்சுட்டாங்க. திரும்பப் போட்டப்ப டிரைவ் வந்து மேல உக்காந்துடுச்சு. கழட்டிப் பாருங்க, அடியில கெடக்கும்."

ஷிபு சொல்லச் சொல்ல ஜாலி திரையிலேயே டிரைவைக் கழற்றினாள். புத்தகம் ஒரு பெயர்கூடக் குறையாமல் கிடந்தது. இனி டிரைவ் மாட்டாதபோது அந்த ஃபோல்டரில் யாரும் எதுவும் வைக்க முடியாதபடி ஷிபு தன் இடத்திலிருந்தே பூட்டிவிட்டான்.

ஃபாதர் பார்த்துத் தலையாட்டிவிட்டு, கொண்டுவந்த வட்டயப்பத்தை, ஆவியில் வெந்த இனிப்பு அரிசி அப்பத்தை, கொடுத்துப் போனார். ஜாலி பெரிய துண்டாக வெட்டி லோனப்பனிடம் நீட்டினாள்.

"தின்னுங்க. இடுப்பு சரியாகற வரைக்கும் பெரிய மெஷினை நான் போடறேன். நீங்க குனிஞ்சா தூக்கிவிட இங்க ஆளில்ல."

அவன் தின்றான், அவளைப் பார்க்காமல். அவள் வார்த்தையை நம்பாததற்குக் கேட்கவேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.