பின்னால் வந்தால் தெரிகிற பெயர்

“கலை, உங்கண்ணன் பேரு பேய் மாதிரி இருக்கு,” என்றாள் கவுன்டர் ரஷீதா. “பட்டியல்ல முன்னால போகும்போது காணோம். அடுத்த பக்கம் போய்த் திரும்பி வந்தா இருக்காரு.”

மும்பை செம்பூரில் எங்கள் டிரஸ்ட் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் பிரிவில் ஓர் இடம் காலியாகியிருந்தது. யாருடைய பதிவுத் தேதி பழையதோ அவரை மதியத்துக்குள் ரஷீதா கூப்பிட வேண்டும். அண்ணன் வெயிலுமுத்து பெயர் கொடுத்து மாதக்கணக்காகிறது. அதுவரை டயாலிசிஸுக்கு ஆண்டாப் ஹில்லிலிருந்து வாஷிக்கு பஸ் மாறிப் போய் வருகிறார். போன வாரம் திரும்பும்போது பஸ்ஸிலேயே மயங்கிவிட்டார்.

கம்ப்யூட்டர் பிரிவில் இருப்பவள் நான். பட்டியலைக் காட்டும் பழைய நிரலைத் திறந்தேன். சி மொழிக்குள், தரவுத்தளத்தைக் கேட்கும் எஸ்க்யூஎல் பதித்தது. பட்டியலை வரிவரியாக எடுத்துத் தரும் கர்சர், முன்னால் போக ஒன்று, பின்னால் வர ஒன்று. பக்கத்துக்குப் பத்துப் பேர். சர்நேம் வரிசை, அதற்குள் பெயர் வரிசை. ஆனால் பக்கம் மாறும்போது அது பார்த்தது சர்நேமை மட்டும். கடைசியாகக் காட்டிய சர்நேமுக்கு அடுத்தது எதுவோ, அங்கே தாவிவிடும்.

எங்கள் தமிழ் ஆட்களுக்கு ஏது சர்நேம்? கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் விடாது என்று கவுன்டரில் ஒரு புள்ளி வைத்துவிடுவார்கள். அண்ணனின் கார்டிலும் அப்படித்தான் அச்சாகியிருந்தது. “நம்ம பரம்பரைப் பேரே புள்ளிதாம்ட்டி,” என்று அப்போது சிரித்தார். முதல் பக்கத்தில் பத்துப் புள்ளிக்காரர்கள். அடுத்த பக்கம் மீதிப் புள்ளிக்காரர்களைத் தாண்டி ஆப்தே என்ற சர்நேமில் தொடங்கும். அங்கிருந்து பின்னால் வந்தால் புள்ளிகளில் கடைசிப் பத்து. அண்ணன் அதில் இருந்தார்.

“அப்ப பின்னால வந்தே கூப்பிட்டுடவா?” என்றாள் ரஷீதா. “தெரியுறதுல அவரு தேதிதான் பழசு. டென்ஷன் நஹி.”

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் முன்னாலும் பின்னாலும் தெரியாமல் நடுவில் கிடப்பவர்கள்? நான் பார்க்காதவரை அவர்கள் இல்லை. பார்க்காமல் இருப்பது பொய்யாகுமா? எனக்குள் வழக்காடிக்கொண்டே முன், பின் விசைகள் இரண்டையும் மாற்றி மாற்றி அழுத்தினேன். ஆப்தே, அண்ணன். ஆப்தே, அண்ணன்.

பிறகு இரண்டு கர்சர்களிலும் சர்நேமோடு பெயரையும் பதிவு எண்ணையும் சேர்த்து ஒப்பிடச் சொல்லி எழுதினேன். மறுபடி ஓட்டியதும் நடுவில் இதுவரை யாரும் பார்க்காத ஒரு பக்கம் திறந்தது. முப்பிடாதியம்மாள், முகவரி சீத்தா கேம்ப். தேதி அண்ணனுக்கு முந்தியது.

ரஷீதாவிடம் திரையைக் காட்டிக்கொண்டிருந்தபோதே அண்ணனின் போன் வந்தது.

“என்னட்டி, எம் பேரு வந்துட்டா?”

“வந்துட்டுண்ணே. ஒனக்கு முந்தி ஒரு அம்மா இருக்கா. சீத்தா கேம்ப்.”



“அவளுக்கும் புள்ளிதானா?”

“ஆமா.”

“சரி. பஸ் வந்துட்டு, வைக்கேன்.”

ரஷீதா சீத்தா கேம்ப் எண்ணுக்கு அடித்துக்கொண்டிருந்தாள். நான் அடுத்த பக்கம் போனேன். அண்ணன் இருந்தார். பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய்ப் பார்த்தேன். இருந்தார்.