மெதிங்க, நான் பாக்கறேன்

எண்பத்திரண்டில் என் வீட்டுக்காரர் சகாதேவன் வாடகைக்கு ஓட்ட ஒரு பழைய அம்பாசடர் கார் வாங்கினார். முன்கண்ணாடியில் ‘பொன்னி’ என்று பெரிசாக எழுதிக்கொண்டு வந்து நிறுத்தினார். பொன்னி அவருடைய அக்கா. வீட்டில் வேதா என்று ஒருத்தி இருப்பது அந்த மனுஷனுக்கு ஞாபகமே வரவில்லை. எனக்கு வயிறு எரியாதா? பேச்சை நிறுத்திவிட்டேன்.

காரை விற்ற மெக்கானிக் மொய்னுதீன் பாய் எங்கள் இருவரையும் நிற்க வைத்துச் சொல்லியிருந்தார். “தினமும் ஒருத்தர் பிரேக்க மெதிங்க. ஒருத்தர் சக்கரத்துக்குப் பின்னால இருக்கற ரப்பர் ஓஸ்ல ஆயில் ஒழுகுதானு பாருங்க. ஒழுகினா பிரேக் பிடிக்காது.” பேச்சே இல்லாத வீட்டில் யார் மிதிப்பது, யார் பார்ப்பது?

முதல் சவாரி வந்தது. கோயிலில் தாலி கட்டின கையோடு பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஜவ்வாது மலைக்கு ஏற்றிப்போக வேண்டும். கோபுரத்துக்கு எதிரே காருக்குக் கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றினார். தட்டு பிடிக்க மட்டும் நான் வேண்டும். பிடித்தேன்.

தேங்காய்ச் சில்லு ஒன்று காருக்கடியில் ஓடிவிட்டது. எடுக்கக் குனிந்தால், முன்சக்கரத்தின் உள்பக்கம் ஈரம்.

“இங்க ஈரமா இருக்குங்க.” வாய் தானாகப் பேசிவிட்டது.

“எலுமிச்சம்பழத் தண்ணி. நகரு, நேரமாவுது.”

தொட்டுப் பார்த்தேன். பழச்சாறு பிசுபிசுக்கும். இது வழுக்கியது.

“பிரேக்க மெதிங்க.”

“எல்லாரும் பாக்கறாங்க வேதா.”

“பாக்கட்டும். மெதிச்சாத்தான் நகருவேன்.”

பட்டுப்புடவையோடு தெருவில் முட்டி போட்டேன். அவர் மிதித்தார். ஓஸில் இருந்த வெடிப்பிலிருந்து ஆயில் பொட்டுப் பொட்டாகச் சொட்டியது.

இறங்கி வந்து பார்த்தவருக்கு முகம் வெளுத்துவிட்டது. கல்யாண ஜோடியை வேறு காரில் ஏற்றி அனுப்பிவிட்டு, என் பக்கத்தில் வந்து நின்றார்.

“கோவத்துல நீ பேசாமலே இருந்திருந்தா?”

“கோவம் இருந்தா இருக்கட்டும். அதுக்குனு உங்கள மலைக்கு அனுப்பிட்டு நான் யாருகிட்ட கோவிச்சிக்கறது?” சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அத்தனை பேர் எதிரில் என் ஆயில் கையைப் பிடித்துக்கொண்டார். “கண்ணாடியில உன் பேர எழுதிடறேன்.”

“வேணாம். கண்ணாடிய உங்க அக்காவே வெச்சிக்கட்டும். அவங்க தம்பி எனக்குப் போதும்.”